கியூப் எங்கே மாட்டிக்கொள்கிறது: பார்முலா மனப்பாடம் இல்லாமல் சேர்ப்பவர்களுக்கு

ரூபிக் கியூபை வீடியோ பார்த்து, பார்முலாவை மனப்பாடம் செய்து, ஒரு வாரத்தில் சேர்த்துவிடலாம். தப்பில்லை. ஆனால் பார்முலாவில் ஒரு திருப்பல் மறந்தால் கை நின்றுவிடும், அடுத்து என்ன என்று தெரியாது. இந்தக் குறிப்பு, புரிந்து சேர்க்க முயன்று நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு. எர்னோ ரூபிக் 1974இல் புடாபெஸ்டில் இதைச் செய்து கலைத்தபோது, கேட்பதற்கு அவருக்கு ஆளே இல்லை. சுமார் ஒரு மாதம் போராடித்தான் தன் பொம்மையைத் தானே சேர்த்தார். அவருக்குக் கிடைத்த வழி நமக்கும் கிடைக்கும், கொஞ்சம் சீக்கிரமாகவே.

முதலில் சொற்கள். "வலது மேலே" என்றால் வலப்பக்க அடுக்கை, உங்களைப் பார்த்திருக்கும் வரிசை மேலே போகும்படி கால் சுற்று திருப்புவது. "வலது கீழே" அதன் எதிர். இடதுக்கும் அப்படியே. "மேலடுக்கு இடதுக்கு" என்றால் மேலடுக்கின் முன்வரிசை இடப்பக்கம் நகரவேண்டும். கீழடுக்குக்கும் இதே கணக்கு. முன்பக்கத்துக்கு மட்டும் கடிகாரச் சுற்று, எதிர்ச்சுற்று என்பேன். நிறங்கள் இன்று கடையில் கிடைக்கும் வழக்கமான கியூபின் நிறங்கள்: வெள்ளைக்கு எதிரே மஞ்சள், பச்சைக்கு எதிரே நீலம், சிவப்புக்கு எதிரே ஆரஞ்சு. உங்களுடையது வேறு மாதிரி இருந்தால் மையங்களைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

எல்லாச் சிக்கலுக்கும் அடியில் இருக்கும் யோசனை ஒன்றுதான். ஒரு துண்டை எடுக்க எதையாவது கலைத்தே ஆகவேண்டும். கலைத்ததை அதே வழியில் திருப்பினால் எல்லாம் பழையபடி வந்துவிடும். கலைப்பதற்கும் திருப்புவதற்கும் நடுவில் ஒரே ஒரு சிறு மாற்றத்தை நுழைத்துவிட்டால், அந்த மாற்றம் மட்டும் மிச்சம் நிற்கும். கீழே வரும் ஒவ்வொரு தீர்வும் இந்த மூன்று படிதான்.

அறிகுறி: வெள்ளைப் பக்கம் முழுதாகிவிட்டது, ஆனால் ஓரங்களில் நிறம் தாறுமாறாக இருக்கிறது

ஸ்டிக்கரைப் பார்த்துச் சேர்க்கிறீர்கள், துண்டைப் பார்த்து அல்ல. தொடங்குபவர்களில் பெரும்பாலோர் முதலில் மாட்டும் இடம் இது. கியூபில் 54 நிறச் சதுரங்கள் இருந்தாலும் துண்டுகள் 26தான்: 6 மையம், 12 விளிம்பு, 8 மூலை. மையங்கள் ஒன்றுக்கொன்று இடம் மாறுவதே இல்லை. உள்ளே இருக்கும் அச்சில் அவை பிணைந்திருக்கின்றன. ஆகவே பச்சை மையம் இருக்கும் பக்கம்தான் பச்சைப் பக்கம், மற்ற எட்டுச் சதுரங்களும் என்ன நிறத்தில் இருந்தாலும் சரி.

வெள்ளை-பச்சை விளிம்பு வெள்ளை மையத்தையும் தொடவேண்டும், பச்சை மையத்தையும் தொடவேண்டும். ஒன்று மட்டும் போதாது. இப்போது செய்து வைத்திருக்கும் வெள்ளைப் பக்கத்தைக் கலைத்துவிடுங்கள். காப்பாற்றும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை.

அறிகுறி: வெள்ளைக் கூட்டல் குறி வந்துவிட்டது, பக்க மையங்களோடு பொருந்தவில்லை

வெள்ளையை மேலே வைத்து மேலடுக்கை மட்டும் சுற்றிக்கொண்டே பாருங்கள். நான்கு விளிம்புகளும் பொருந்தும் நிலை இல்லாவிட்டாலும் குறைந்தது இரண்டு பொருந்தும் நிலை கட்டாயம் இருக்கும். அங்கே நிறுத்துங்கள்.

பொருந்தாத இரண்டும் அடுத்தடுத்து இருந்தால், அவற்றை முன்னாலும் வலத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்தை அரைச்சுற்று திருப்பினால் முதலாவது கீழே இறங்கும். கீழடுக்கை வலதுக்குத் திருப்பினால் அது தன் பக்கத்துக்கு அடியில் போய் நிற்கும். வலப்பக்கம் அரைச்சுற்று: அது ஏறும், அங்கிருந்தது இறங்கும். கீழடுக்கு இடதுக்கு, முன்பக்கம் அரைச்சுற்று: இறங்கியதும் தன் இடத்தில் ஏறிவிடும். எதிரெதிரே இருந்தால் கீழடுக்கைக் கால் சுற்றுக்குப் பதில் அரைச்சுற்று, வலப்பக்கத்துக்குப் பதில் பின்பக்கம். மற்றதெல்லாம் அதேதான்.

விளிம்பு சரியான இடத்தில் இருக்கிறது, வெள்ளை மட்டும் மேலே பார்க்காமல் முன்னே பார்க்கிறது என்றால் வேறு வைத்தியம். முன்பக்கம் கடிகாரச் சுற்று: துண்டு வலப்பக்கமாக நடு அடுக்குக்கு வரும். மேலடுக்கு வலதுக்கு: காலியான இடம் அதன் தலைக்கு நேர் மேலே வரும். வலது மேலே: துண்டு ஏறும். மேலடுக்கு இடதுக்கு: எல்லாம் பழைய இடம். இதைத் திருப்பல் வரிசையாக நினைவில் வைக்க வேண்டாம். "காலி இடத்தைத் துண்டின் தலைக்கு மேல் கொண்டுவந்து ஏற்று" என்று வைத்துக்கொண்டால் எந்தக் கோணத்திலும் வரும்.

அறிகுறி: ஒரு வெள்ளை மூலையை வைத்தால் ஏற்கெனவே வைத்தது வெளியே வந்துவிடுகிறது

இனி வெள்ளை கீழே, மஞ்சள் மேலே. கடைசிவரை இப்படியே பிடியுங்கள்.

வலப்பக்க அடுக்கை ஒரு லிப்டாக நினைத்துக்கொள்ளுங்கள். நிரப்ப வேண்டிய காலி இடம் கீழே, முன்-வலது மூலையில் இருக்கிறது. வைக்க வேண்டிய மூலைத் துண்டு அதற்கு நேர் மேலே, வெள்ளை வலப்பக்கம் பார்த்தபடி இருக்கிறது. வலது மேலே: லிப்ட் மேலே வருகிறது, துண்டு பின்பக்கம் தள்ளப்படுகிறது. மேலடுக்கு இடதுக்கு: துண்டு லிப்டுக்குள் ஏறுகிறது. வலது கீழே: லிப்ட் இறங்குகிறது, துண்டு வீட்டில். லிப்ட் மேலே போனபோது கூடவே போன வெள்ளை விளிம்பும் அது இறங்கும்போது தானாகத் திரும்பிவிட்டது. எதுவும் கலையவில்லை.

ஒன்று வந்து இன்னொன்று போகிறது என்றால் மூன்றாவது திருப்பலை விட்டுவிடுகிறீர்கள், அல்லது நிரம்பிய இடத்துக்கு மேலேயே லிப்டை ஓட்டுகிறீர்கள். தொடங்குமுன் கீழே காலி இடம் எது என்று ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

வெள்ளை முன்னே பார்த்தால் முன்பக்க அடுக்குதான் லிப்ட். கியூபை அப்படியே கால் சுற்று திருப்பிப் பிடித்து, இடக்கையால் கண்ணாடிப் பிம்பம் மாதிரி செய்யுங்கள்: இடது மேலே, மேலடுக்கு வலதுக்கு, இடது கீழே. வெள்ளை உச்சியைப் பார்த்தால் நேரடியாக ஏற்ற முடியாது. முதலில் அதைப் படுக்க வைக்கவேண்டும்: வலது மேலே, மேலடுக்கு அரைச்சுற்று, வலது கீழே, மேலடுக்கு வலதுக்கு. இப்போது அதே துண்டு அதே இடத்தில், வெள்ளை வலப்பக்கம் பார்த்து நிற்கும். அப்புறம் வழக்கமான லிப்ட்.

மேலடுக்கில் வெள்ளை மூலையே இல்லை, ஆனால் கீழே தப்பாக ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்றால், அதை மாட்டிக்கொண்டதாக நினைக்க வேண்டாம். அதே லிப்டை ஒருமுறை ஓட்டினால் அது மேலே வந்துவிடும்.

அறிகுறி: நடு அடுக்கில் கை நிற்கிறது

வீடியோ வழியில் இந்த இடத்தில் ஏழெட்டுத் திருப்பல் கொண்ட பார்முலா இரண்டு தருவார்கள், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. அதைப் படிக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். கியூபை உண்மையிலேயே புரிந்துகொள்ளும் இடம் இதுதான். போட்டியாளர்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் முறையில் கடைசி அடுக்குக்கு மட்டும் 78 பார்முலா இருக்கிறது. அவர்களிலும் பலர் முதல் இரண்டு அடுக்கை முதலில் யோசித்துத்தான் கற்கிறார்கள்.

யோசனை இது: மூலையைத் தனியாகவும் விளிம்பைத் தனியாகவும் வைக்காமல், இரண்டையும் மேலே ஜோடி சேர்த்து ஒன்றாக இறக்கலாம். ஏற்கெனவே கீழே வைத்த மூலையையும் இதற்காக லிப்டால் மேலே எடுத்துக்கொள்ளலாம். ஜோடி எப்படி இருக்கவேண்டும் என்பதைச் சேர்ந்த கியூபே சொல்லித்தரும். சரியாக அமைந்த ஓர் அறையை, அதாவது ஒரு கீழ் மூலையும் அதன் மேல் நிற்கும் நடு அடுக்கு விளிம்பும் சேர்ந்த இடத்தை, முன்-வலதில் எடுத்துக்கொள்ளுங்கள். வலது மேலே, மேலடுக்கு இடதுக்கு, வலது கீழே. உள்ளே இருந்த மூலையும் விளிம்பும் கைகோத்தபடி மேலே வந்து, முன்-இடது மூலையிலும் முன் விளிம்பிலும் நிற்கும். மூலையின் வெள்ளை இடப்பக்கம் பார்க்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டு வந்த வழியே திரும்புங்கள்: வலது மேலே, மேலடுக்கு வலதுக்கு, வலது கீழே. உள்ளே போய்விடும். இதைக் கை பழகும்வரை செய்யுங்கள். இடக்கையாலும் செய்யுங்கள்.

இறங்கத் தயாரான இன்னொரு நிலையும் உண்டு. மூலை அறைக்கு மேலே, வெள்ளை வலப்பக்கம் பார்த்து நிற்கிறது. விளிம்பு அதை ஒட்டாமல் பின்னால் நிற்கிறது. மூலையின் உச்சியில் தெரியும் நிறமும் விளிம்பின் உச்சியில் தெரியும் நிறமும் வெவ்வேறு. இந்த நிலையில் அதே பழைய லிப்டை ஓட்டினால் இரண்டும் உள்ளே போகும் வழியில் சந்தித்துக்கொள்ளும்.

மற்ற எல்லா நிலைகளையும் இந்த இரண்டில் ஒன்றாக மாற்றுவதுதான் வேலை. மாற்றுவதற்கு ஒரே கருவி: மூலையை லிப்டில் மறைத்து, மேலடுக்கைத் திருப்பி, லிப்டை விடுவிப்பது. மூலையும் விளிம்பும் தப்பாக ஒட்டிக்கொண்டிருந்தால் இப்படித்தான் பிரிப்பது. எத்தனை சுற்று திருப்பினால் நல்லது என்று முன்கூட்டியே தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கால் சுற்று, அரைச்சுற்று, எதிர்க் கால் சுற்று, மூன்றே வாய்ப்புதான். காலி அறையின் மேல் மட்டும் விளையாடினால் நஷ்டமே இல்லை.

இந்தக் கட்டத்தில் தனியாக வரும் சில தொல்லைகள். விளிம்பு தன் அறையிலேயே திருகி உட்கார்ந்திருக்கலாம், அல்லது மேலடுக்கில் இருக்கும் எல்லா விளிம்பிலும் மஞ்சள் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே மருந்து: தப்பான அறையை லிப்டால் காலி செய்து ஜோடியை மேலே கொண்டுவாருங்கள். முடிந்த ஒன்றைக் கலைக்கிறோமே என்ற தயக்கம்தான் இங்கே பலரைக் கட்டிப்போடுகிறது.

அறிகுறி: மஞ்சள் கூட்டல் குறி வரமாட்டேன் என்கிறது

மூலைகளை மறந்துவிட்டு நான்கு மேல் விளிம்புகளை மட்டும் பாருங்கள். மஞ்சள் உச்சியைப் பார்ப்பவை எத்தனை? நான்கு என்றால் இந்தப் படி முடிந்தது. ஒன்று அல்லது மூன்று என்றால் யோசிப்பதை நிறுத்திவிட்டு நேரே கடைசித் தலைப்புக்குப் போங்கள். அது உங்கள் தப்பு இல்லை.

இரண்டு எதிரெதிரே இருந்தால் கோடு கிடைநிலையில் வரும்படி பிடித்து: முன்பக்கம் கடிகாரச் சுற்று, வலது மேலே, மேலடுக்கு இடதுக்கு, வலது கீழே, மேலடுக்கு வலதுக்கு, முன்பக்கம் எதிர்ச்சுற்று. நடுவில் இருப்பது உங்களுக்குத் தெரிந்த லிப்ட்தான். அதன் முன்னும் பின்னும் முன்பக்கத்தைத் திருப்பி, திருப்பியதை மீட்கிறோம். முன்பக்கக் கால் சுற்றுதான் விளிம்பைப் புரட்டுகிறது.

இரண்டும் அடுத்தடுத்து இருந்தால் பின்னாலும் இடப்பக்கத்திலும் வரும்படி பிடித்து இதையே செய்தால் கிடைக்கோடு வரும், மறுபடி செய்தால் கூட்டல் குறி. ஒன்றுமே இல்லையென்றால் ஒருமுறை செய்யுங்கள், அடுத்தடுத்த இரண்டு கிடைக்கும்.

அறிகுறி: மஞ்சள் கூட்டல் குறி உண்டு, அதன் பக்க நிறங்கள் பொருந்தவில்லை

மேலடுக்கை நான்கு நிலைகளிலும் சுற்றிப் பார்த்து, சரியாக ஒரே ஒரு விளிம்பு பொருந்தும் நிலையைத் தேடுங்கள். இரண்டு பொருந்தும் நிலைதான் கண்ணைக் கவரும், அதை ஒதுக்குங்கள். கால் சுற்று தள்ளிப் போனால் ஒன்று மட்டும் பொருந்தும் நிலை இருக்கும். இரண்டு துண்டை மட்டும் இடம் மாற்ற கியூப் விடாது, ஆனால் மூன்றைச் சுழற்ற விடும். ஆகவே "இரண்டு தப்பு" என்பதை "மூன்று தப்பு" ஆக்கிக்கொள்வது முன்னேற்றம்தான்.

பொருந்திய விளிம்பை முன்னால் வைத்து: வலது மேலே, மேலடுக்கு இடதுக்கு, வலது கீழே, மேலடுக்கு இடதுக்கு, வலது மேலே, மேலடுக்கு அரைச்சுற்று, வலது கீழே. நடப்பது என்ன? முன்-வலது அறையின் ஜோடியை வெளியே எடுக்கிறோம், மேலடுக்கில் ஒரு முழு வட்டம் அடிக்க வைத்து, வேறு வழியாக உள்ளே விடுகிறோம். அது வீடு திரும்பும்போது முன் விளிம்பு அசையாமல் இருக்கும். வலது பின்னுக்கும், பின் இடதுக்கும், இடது வலதுக்கும் போயிருக்கும். சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை.

எந்த நிலையிலும் ஒன்று மட்டும் பொருந்தவே இல்லையா? எதிரெதிர் விளிம்புகள் இடம் மாறியிருக்கின்றன. எப்படிப் பிடித்திருந்தாலும் ஒருமுறை செய்துவிட்டு மறுபடி தேடுங்கள். மூலைகள் இதில் கலையும், அவற்றின் முறை இனிமேல்தான்.

அறிகுறி: மூலைகள் தங்கள் இடத்துக்கு வரவில்லை

இங்கே நிறம் எங்கே பார்க்கிறது என்று கவனிக்காதீர்கள். மஞ்சள்-பச்சை-சிவப்பு மூலை அந்த மூன்று மையங்களுக்கு நடுவில் இருக்கிறதா, அவ்வளவுதான் கேள்வி. விளிம்புகள் எல்லாம் சரியாக இருக்கும்போது, இடத்தில் இருக்கும் மேல் மூலைகள் நான்கு, ஒன்று அல்லது பூஜ்யமாகத்தான் இருக்கமுடியும். இரண்டு என்று எண்ணினால் இன்னொருமுறை எண்ணுங்கள்.

இப்போது முதலில் சொன்ன யோசனையின் முழு வடிவம். இரண்டு வேலைகளை எடுத்துக்கொள்வோம். முதல் வேலை: வலது மேலே. இரண்டாவது வேலை: மேலடுக்கு வலதுக்கு, இடது மேலே, மேலடுக்கு இடதுக்கு. இந்த இரண்டு வேலையும் தொடும் துண்டுகளைப் பட்டியலிட்டால் பொதுவாக இருப்பது ஒரே ஒரு மூலை, பின்-வலது. முதலாவதைச் செய், இரண்டாவதைச் செய், முதலாவதை மீட்டுவிடு, இரண்டாவதை மீட்டுவிடு. பொதுவான துண்டே இல்லாதிருந்தால் கியூப் அப்படியே திரும்பிவந்திருக்கும். ஒரே ஒரு துண்டு பொதுவாக இருப்பதால் மூன்றே மூன்று மூலைகள் இடம் மாறுகின்றன, மற்றதெல்லாம் அப்படியே இருக்கின்றன. கணிதத்தில் இதற்குக் குலக் கோட்பாட்டில் பெயரும் பாடமும் உண்டு. கைக்கு இவ்வளவு போதும்.

சரியான மூலையை முன்-இடது மூலையில் வைத்து, வரிசையாக: வலது மேலே. மேலடுக்கு வலதுக்கு, இடது மேலே, மேலடுக்கு இடதுக்கு. வலது கீழே. மேலடுக்கு வலதுக்கு, இடது கீழே, மேலடுக்கு இடதுக்கு. முன்-வலது மூலை பின்-வலதுக்குப் போகும், அது பின்-இடதுக்கு, அது முன்-வலதுக்கு. தேவைப்பட்டால் இரண்டாம் முறை. ஒன்றுமே சரியாக இல்லாத நிலையில் ஒருமுறை செய்தால் ஒன்று இடத்துக்கு வந்துவிடும்.

இதைச் சேர்ந்த கியூபில் மூன்று முறை தொடர்ந்து செய்து பாருங்கள், பழையபடி வந்து நிற்கும். வரவில்லை என்றால் மீட்கும் படியில் ஏதோ ஒன்றை முதல் தடவையின் திசையிலேயே திருப்பிவிட்டீர்கள். அநேகமாக அந்த இடது கீழே.

அறிகுறி: எல்லாம் இடத்தில் இருக்கிறது, மூலைகள் திருகி நிற்கின்றன, சரிசெய்யப் போனால் கீழே எல்லாம் கலைகிறது

கலையத்தான் செய்யும். நிறுத்தாமல் போகவேண்டும்.

திருகிய ஒரு மூலையை முன்-வலதில் வையுங்கள். வலது கீழே, கீழடுக்கு இடதுக்கு, வலது மேலே, கீழடுக்கு வலதுக்கு. இந்த நான்கும் சேர்ந்து ஒரு தொகுப்பு. அந்த மூலையில் மஞ்சள் உச்சிக்கு வரும்வரை தொகுப்பைத் திரும்பச் செய்யுங்கள், இரண்டு முறையோ நான்கு முறையோ ஆகும். கீழடுக்குகள் சிதைந்து தெரியும், பொருட்படுத்த வேண்டாம். இப்போது மேலடுக்கை மட்டும் திருப்பி அடுத்த திருகிய மூலையை அதே முன்-வலதுக்குக் கொண்டுவாருங்கள். மறுபடி தொகுப்பு. கடைசி மூலை முடியும்போது கீழே எல்லாம் தானாகக் கூடிவிடும், ஏனென்றால் இந்தத் தொகுப்பை ஆறு முறை செய்தால் கியூப் பழைய நிலைக்கு வரும். இரண்டு மூலை என்றால் இரண்டும் நான்கும் ஆறு. மூன்று மூலை ஒரே திசையில் திருகியிருந்தால் இரண்டிரண்டாக ஆறு, அல்லது நான்கு நான்காகப் பன்னிரண்டு.

கூடவில்லை என்றால் மூன்று காரணங்களில் ஒன்று. அதிகம் நடப்பது: மஞ்சள் உச்சிக்கு வந்ததும் சந்தோஷத்தில் தொகுப்பின் நான்காவது திருப்பலை, கீழடுக்கு வலதுக்கு என்பதை, விட்டுவிடுவது. மஞ்சள் மூன்றாவது திருப்பலிலேயே மேலே வந்துவிடும், ஆனால் கணக்கு நான்காவதோடுதான் முடிகிறது. இரண்டாவது: மேலடுக்கைத் திருப்புவதற்குப் பதிலாகக் கியூபையே திருப்பிப் பிடித்துவிடுவது. முன்பக்கம் எது என்று ஒரு மைய நிறத்தைத் தேர்ந்துகொண்டு, முடியும்வரை அது உங்களையே பார்க்கட்டும். மூன்றாவது, ஆரம்பத்திலேயே கியூப் சரியில்லை.

அறிகுறி: நடுவில் யாரோ கூப்பிட்டார்கள், எங்கே விட்டேன் என்று தெரியவில்லை

கடைசியாகச் செய்த திருப்பல் மட்டும் நினைவில் இருந்தாலும் பின்னோக்கிப் போக முயலுங்கள். இல்லையென்றால் முதல் அடுக்கிலிருந்து தொடங்குங்கள், அதற்கு மேல் தந்திரம் இல்லை. 4.3 லட்சம் கோடி கோடி நிலைகளில் எதிலிருந்தும் 20 திருப்பலுக்குள் சேர்த்துவிடலாம் என்று 2010இல் கணினி வைத்து நிறுவிவிட்டார்கள் என்பது உண்மைதான். அந்த இருபது எவை என்று மனிதக் கண்ணுக்குத் தெரியாது.

அறிகுறி: எதைச் செய்தாலும் ஒரே ஒரு துண்டு தப்பாக நிற்கிறது

கியூபை யாரோ பிரித்துத் தப்பாக மாட்டியிருக்கிறார்கள், அல்லது கீழே விழுந்து ஒரு மூலை திருகிக்கொண்டது. துண்டுகளைக் கழற்றிக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டினால், அது சேர்க்கக்கூடியதாக அமைய பன்னிரண்டில் ஒரு வாய்ப்புதான். எந்தத் திருப்பலாலும் வராத நிலைகள் மூன்று வகை.

மற்றதெல்லாம் சரியாக இருந்து ஒரு விளிம்பு மட்டும் புரண்டிருப்பது முதல் வகை. மஞ்சள் விளிம்பு ஒன்று அல்லது மூன்று என்று எண்ணினீர்களே, அது இதுதான். ஒரு மூலை மட்டும் திருகியிருப்பது இரண்டாவது. இரண்டு மூலைகள் ஒரே திசையில் திருகியிருந்தாலும் இதே வகைதான், ஒன்று வலச்சுற்றும் ஒன்று இடச்சுற்றும் என்றால் மட்டும் நியாயமான நிலை. இரண்டே துண்டுகள் இடம் மாறி மற்ற எல்லாம் சரியாக இருப்பது மூன்றாவது. ஒரு பக்கத்தைக் கால் சுற்று திருப்பினால் நான்கு மூலையும் நான்கு விளிம்பும் ஒன்றாக நகர்கின்றன, ஆகவே ஒற்றை இடமாற்றம் தனியாக நடக்கவே முடியாது.

வைத்தியம் கையால்தான். இப்போது வரும் வழவழப்பான கியூபில் மூலையைப் பிடித்து மெதுவாகத் திருகினாலே போதும், கழற்ற வேண்டாம். விளிம்புக்கு மேலடுக்கைப் பாதிச் சாய்வில், அதாவது 45 பாகையில் நிறுத்தி, கட்டை விரலால் விளிம்புத் துண்டை நெம்பினால் வெளியே வரும், புரட்டிப் போட்டு அழுத்துங்கள். வரமறுத்தால் வலுக்கட்டாயம் வேண்டாம். பல கியூப்களில் மைய மூடியின் கீழே திருகு இருக்கும், அதைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு முயலுங்கள். அந்தத் திருகு மிக இறுக்கமாக இருப்பதுதான் கியூப் சுற்ற மறுப்பதற்கும் முக்கியக் காரணம். மிகத் தளர்ந்தால் துண்டுகள் தெறிக்கும். ஆறு பக்கமும் ஒரே அளவு இறுக்கம் இருக்கவேண்டும். எண்ணெய் விடுவதாக இருந்தால் சிலிக்கோன் எண்ணெய், தேங்காய் எண்ணெய் அல்ல.

ஸ்டிக்கர் கியூப் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். வெள்ளையும் மஞ்சளும் ஒரே துண்டில் இருந்தால், அல்லது சிவப்பும் ஆரஞ்சும், அது இருக்கவே முடியாத துண்டு. எதிரெதிர் பக்கங்கள் ஒரு துண்டில் சந்திப்பதில்லை. ஒரே மாதிரி விளிம்பு இரண்டு இருந்தாலும் அப்படித்தான். வீட்டில் யாரோ ஸ்டிக்கரைப் பிய்த்து ஒட்டிச் சேர்த்திருக்கிறார்கள், அதைத் திரும்பப் பிய்த்து ஒட்டுவதைத் தவிர வேறு வழி கிடையாது.

இந்தக் கணக்கெல்லாம் மூன்றுக்கு மூன்று கியூபுக்கு மட்டும். இரண்டுக்கு இரண்டில் விளிம்புகளே இல்லாததால் இரண்டு மூலைகள் மட்டும் இடம் மாறி நிற்பது சாதாரணம். நான்குக்கு நான்கில் நடு விளிம்பு இரண்டு துண்டாக இருப்பதால் ஒரு ஜோடி மட்டும் புரண்டு நிற்கும் நிலை நேர்மையாகவே வரும். அங்கே அதைப் பார்த்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவிடாதீர்கள்.